நாலு நாற்காலி உள்ள வீடு

ஐக்கிய சகாய சமிதி பிறப்பதற்கு முன்னால் பகவதிக்கு இருந்த பெரிய தொல்லை, அவளுக்கு உதவி செய்ய நாலு பேர் இருந்ததுதான்.

அவள் புருஷன் ஆறுமுகநயினார் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். மிளகாய் மூட்டைகளின் அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்த நாளிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அதனால் அங்கவீனர் சங்கம் அரிசி கொடுத்தது. சின்னப் பையன் நம்பிக்குப் பாலர் போஷணை நிலையம் பால்பொடி கொடுத்தது. மூத்த பெண் மங்கலத்துக்குப் பெண் குழந்தைகள் இல்லம் பாவாடைத் துணி கொடுத்தது. பகவதிக்கு மாதர் சேவா மன்றம் அறிவுரை கொடுத்தது.

நாலு ஸ்தாபனங்களும் ஆளுக்கு ஒரு கிழமையில் வீட்டைப் பார்க்க வந்தன. பகவதி இன்னும் ஏழையாகத்தான் இருக்கிறாளா என்று பார்க்கவேண்டும் அல்லவா? பார்க்க வரும்போது வீட்டுக்காரி வீட்டில் இருக்கவேண்டும் என்பது நாலு பேருக்கும் பொதுவான விதி. காலையா மாலையா என்று சொல்வது விதியில் இல்லை. ஆரியசாலையில் ஒரு ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்த பகவதி, வாரத்தில் பாதி நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதவி வாங்கவேண்டியிருந்ததால் வேலைக்குப் போக முடியவில்லை. வேலைக்குப் போக முடியாததால் உதவி வேண்டியிருந்தது.

இதைக் கண்டுபிடித்தவன் திரவியம். அங்கவீனர் சங்கத்தில் தற்காலிக குமாஸ்தா. தோவாளைப் பக்கத்திலிருந்து வந்து, கரமனையில் ஒரு அறையில் இருந்துகொண்டு, பகலில் சங்கத்திலும் மாலையில் ஒரு கமர்ஷியல் இன்ஸ்டிடியூட்டில் சுருக்கெழுத்து வகுப்பிலுமாகக் காலம் தள்ளிவந்தான். எதையும் வாயைத் திறந்து சொல்வதற்கு முன் மூன்று தரம் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பான். மூன்றாவது தரம் பெரும்பாலும் வேண்டாம் என்று தோன்றிவிடும். அன்று ஏனோ இரண்டாவது தரத்திலேயே சொல்லிவிட்டான்.

"நாலு பேரும் ஒரே நாளு போனா என்ன சார்? அந்தம்மா மத்த நாளு வேலைக்குப் போவா."

சங்கத்தின் தலைவர் கல்யாணராமன், ரிட்டயர்டு தாசில்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எவ்வளவு பிடித்ததென்றால், மறுநாள் அதைத் திரவியத்துக்கே விளக்கிச் சொன்னார்.

ஒரு மாதத்துக்குள் நாலு ஸ்தாபனங்களும் சேர்ந்து ஐக்கிய சகாய சமிதி உருவாயிற்று. கல்யாணராமன் தலைவர். மாதர் சேவா மன்றத்தின் சரஸ்வதியம்மாள், பெண் குழந்தைகள் இல்லத்தின் கௌரவக் காரியதரிசி சேஷன், போஷணை நிலையத்தின் சூப்பிரண்டு யோசுவா ஆகிய மூவரும் அங்கத்தினர்கள். திரவியம் இங்கேயும் தற்காலிகம். முதல் கூட்டம், யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று பேசிக் கலைந்தது. இரண்டாவது கூட்டம், முத்திரையில் நாலு கைகள் கோத்திருக்கவேண்டுமா, கோத்தால் யாருடைய கை மேலே இருக்கவேண்டும் என்று பேசிக் கலைந்தது. மூன்றாவது கூட்டத்தில்தான் ஒருங்கிணைக்க ஒரு குடும்பம் வேண்டும் என்பது யோசுவாவுக்கு ஞாபகம் வந்தது. பகவதியின் குடும்பம் மாதிரிக் குடும்பமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒருங்கிணைப்பு முடியும்வரை ஒரே உதவியை இரண்டு பேர் கொடுத்துவிடும் அபாயம் இருந்ததால், எல்லா உதவிகளும் நிறுத்திவைக்கப்பட்டன.

"சகாயம் செய்யறதிலே ரெண்டு தப்பு உண்டு," என்று கல்யாணராமன் அந்தக் கூட்டத்தில் பேசினார். "வேண்டாதவனுக்குக் கொடுக்கறது ஒண்ணு. வேணும்கறவனுக்கு ரெண்டு பேர் கொடுக்கறது இன்னொண்ணு. ஒருத்தருமே கொடுக்காம இருக்கறது தப்பில்லை. அது வெறும் தாமதந்தான்."

சேஷன் மேஜையைத் தட்டி ஆமோதித்தார்.

கூட்டுப் பார்வைக்கு நாள் குறித்தார்கள். திரவியத்துக்கு முந்தின ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. பகவதியின் வீட்டில் உட்கார ஒரு தகரப்பெட்டிதான் உண்டு. தனித்தனியாக வந்தபோது ஆளுக்கு ஒரு கிழமை அந்தப் பெட்டியில் உட்கார்ந்தார்கள். நாலு பேரும் ஒன்றாக வந்தால்? கல்யாணராமனுக்கு முழங்கால் மடங்காது. சேஷன் பிறர் வீட்டுப் பாயில் உட்காரமாட்டார், ஆசாரம். சரஸ்வதியம்மாள் உட்கார்ந்தால் பெட்டி தாங்காது. நின்றுகொண்டே பார்த்தால் கோபத்தோடு பார்ப்பார்கள், கோபத்தோடு பார்த்தால் பகவதிக்குத்தான் நஷ்டம்.

விடிந்ததும் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், மாஸ்டர் ஞானையனிடம் கெஞ்சி, நாலு மடக்கு நாற்காலிகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

பகவதி வாசலில் நின்று பார்த்தாள். "இது யாருக்கு சாரே?"

"வாறவங்களுக்கு. சாயங்காலமே திருப்பிக் குடுக்கணும்."

"பொண்ணு பாக்க வாறது மாதிரில்லா இருக்கு," என்றாள் பகவதி. "மங்கலத்துக்கு இன்னும் பாவாடையே வரல்ல."

உள்ளே சுவரோரமாக இருந்த ஆறுமுகநயினார் சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும். இருந்தாலும் சிரித்தார்.

நாலு பேரும் வந்தார்கள். நாலு நாற்காலிகளிலும் உட்கார்ந்தார்கள். சாவகாசமாகச் சாய்ந்துகொண்டார்கள். நாற்காலி இருக்கிறதே என்று ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அவர்கள் போகிற இடத்திலெல்லாம் நாற்காலி இருக்கும். சரஸ்வதியம்மாள் அடுப்பைப் பார்த்து, புகை கண்ணுக்குக் கெடுதல் என்று சொன்னாள். யோசுவா நம்பியின் புஜத்தை விரலால் அளந்தார். மங்கலத்தை ஒரு ஸ்லோகம் சொல்லச் சொன்னார் சேஷன். அவள் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னாள். பகவதி கதவோரம் தரையில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"வேலைக்குப் போறியா?"

"போவேன். நீங்க வராத நாளு."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று திரவியம் நினைத்தான். வாசற்படி இறங்கும்போது கல்யாணராமன் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளே கண் சுருங்கியது.

மறுநாள் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

"முப்பது வருஷம் ரெவின்யூவிலே இருந்தவன் நான். பஞ்ச நிவாரணத்துக்கு வீடு வீடா ஏறி இறங்கினவன். அந்தக் காலத்திலே எங்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. அடுப்பைப் பாக்காதே, அது அணைஞ்சிருக்கும். பானையைப் பாக்காதே, அதை ஒளிச்சு வைச்சிருப்பான். இருக்கையைப் பாரு. நேத்து நாம போன வீட்டிலே நாலு நாற்காலி இருந்தது. மனசிலாச்சோ? நாலு. என் வீட்டிலேயே மூணுதான்."

கூட்டத்தில் ஒரு திடுக்கிடல் பரவியது.

"நான் கவனிச்சேன், சொல்லல்லே," என்றார் சேஷன். அவர் கவனித்திருக்கவில்லை.

திரவியம் குறிப்பேட்டிலிருந்து தலை நிமிர்ந்தான். சொல்லவேண்டும். சொன்னால், அனுமதியில்லாமல் ஏன் செய்தாய் என்று கேட்பார்கள். தற்காலிகத்துக்கு அனுமதியில்லாமல் எதுவும் செய்யப் பாத்தியதை இல்லை. அதுவும் போகட்டும், தலைவர் பேசும்போது குறுக்கிடலாமா? கடைசியில் 'இதர விஷயங்கள்' என்று ஒன்று வரும், அப்போது சொல்லிக்கொள்ளலாம். மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான், பொருத்தமாக இருந்தது. இரண்டாம் தரம் சொல்லிப் பார்த்தான். மூன்றாம் தரம் சொல்லிப் பார்ப்பதற்குள் காப்பி வந்து, இதர விஷயங்கள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன.

காப்பிக்கு முன்னால் தீர்மானம் ஆகியிருந்தது. நாலு நாற்காலி உள்ள வீடு ஏழை வீடு ஆகாது, ஆகவே அந்த வீட்டுக்கு உதவி செய்ய முடியாது. ஆனால் சமிதிக்கு இதயம் உண்டு. சரஸ்வதியம்மாள்தான் அந்த இதயத்தை எடுத்துக் காட்டினாள்.

"வீடுதான் வசதியான வீடு. ஆளுங்க பாவம். வீட்டை விட்டு வெளியே வந்துட்டா, ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஏழைதானே?"

அதில் தவறு ஒன்றும் யாருக்கும் தெரியவில்லை. ஆறுமுகநயினாரை அங்கவீனர் விடுதியில் சேர்ப்பது. பகவதி மாதர் மன்றத்தின் கைத்தொழில் இல்லத்துக்கு. மங்கலம் பெண் குழந்தைகள் இல்லத்துக்கு. நம்பி போஷணை நிலையத்திலேயே தங்குவது. ஒரு ஆளுக்கு ஒரு ஸ்தாபனம், ஒரு ஸ்தாபனத்துக்கு ஒரு ஆள். ஒன்றின்மேல் ஒன்றாக விழும் உதவி என்ற பேச்சுக்கே இனி இடமில்லை.

"இதாக்கும் ஒருங்கிணைப்பு," என்று கல்யாணராமன் தழுதழுத்தார்.

நாலு வண்டிகள் ஒரே நாளில் வந்தன. இந்த ஒன்றில் மட்டும் திரவியத்தின் பழைய யோசனை அப்படியே கைக்கொள்ளப்பட்டிருந்தது. நம்பி, எல்லாரும் ஒரே ஊருக்குத்தான் போகிறோம் என்று நினைத்து முதல் வண்டியில் சந்தோஷமாக ஏறிக்கொண்டான். பகவதி தன் மூட்டையைக் கட்டிக்கொண்டாள். வேண்டாம் என்றால் அரிசியும் இல்லை, பால்பொடியும் இல்லை என்று சரஸ்வதியம்மாள் கனிவாக விளக்கியிருந்தாள். பகவதி ஒரு முறை திரவியத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் மங்கலத்தின் மூட்டை வண்டியில் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். அது சரியாகத்தான் இருந்தது. வண்டி கிளம்பும்வரை குனிந்தே இருந்தான்.

வீடு காலியாயிற்று. சமிதிக்கு ஆபீஸ் தேவைப்பட்டது. ஏற்கெனவே நாலு நாற்காலி போட்டிருக்கும் வீடு வேறு எங்கே கிடைக்கும்? அந்த வீட்டையே வாடகைக்கு எடுத்தார்கள். ஆறுமுகநயினார் சாய்ந்திருந்த சுவரில் முத்திரைப் பலகை ஏறியது. கல்யாணராமன் கை மேலே.

கூட்டுப் பார்வை நடந்த சாயங்காலம் கைவண்டி கிடைக்காமல் நாற்காலிகள் அங்கேயே தங்கிவிட்டன, தீர்மானத்தில் ஏறியபின் அவற்றைத் தொடத் திரவியத்துக்குத் தைரியம் வரவில்லை. இதற்கிடையே இன்ஸ்டிடியூட்டில் நாலு பேர் நின்றுகொண்டே சுருக்கெழுத்துப் படித்தார்கள். நாலில் ஒருவன் திரவியம், மற்ற மூன்று பேரும் முறைவைத்து மாறிக்கொண்டார்கள். திரவியம் மாறவில்லை. வாரங்கள் போயின. நிற்பதுதான் நியாயம் என்று அவனுக்குத் தோன்றியது.

"எடே திரவியம்," என்பார் ஞானையன், "என் சேரு எங்கடே? சமிதிக்குக் குடுத்தா சாமிக்குக் குடுத்த மாதிரியா, திரும்ப வராதா?"

"வரும் மாஸ்டர்."

"நீ நிக்கிற நிப்பைப் பாத்தா எனக்கே கால் வலிக்கு. இருடே."

அவன் உட்காரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஆபீஸில் தனியாக இருந்தபோது பகவதி வந்தாள். கைத்தொழில் இல்லத்தில் ஞாயிறு வெளியே விடுவார்கள். தன் வீட்டு வாசலில் நின்று, "உள்ள வரலாமா சாரே?" என்று கேட்டாள்.

"வாங்க, வாங்க. இருங்க," என்று நாற்காலியைக் காட்டினான். அவள் கதவோரம், முன்பு உட்காரும் அதே இடத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு லீவு ஞாயித்துக்கெழமை. மங்கலத்தைப் பாக்க விடுகது புதன். நம்பியைச் சனி. அவுகளை வெள்ளி. நான் ஞாயித்துக்கெழமை போனா எல்லா வாசலும் பூட்டிக் கெடக்கு." சேலைத் தலைப்பால் தரையில் ஒரு தூசியைத் தள்ளினாள். "நம்பி என்னை மறந்திருவான் சாரே. சின்னதுல்லா. நாலு எடத்துக்கும் ஒரே நாளு ஆக்கச் சொல்லிப் பாருங்களேன். நாலு பேரையும் ஒரே நாளு வரவச்சது நீங்கதானே."

திரவியம் தலையாட்டினான். "நான் அன்னைக்கே அந்த நாற்காலி விஷயத்தை…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

பகவதி நாற்காலிகளைப் பார்த்தாள். "இன்னும் திருப்பிக் குடுக்கல்லியா? சாயங்காலமே குடுக்கணும்னீங்கள்லா?"

"அன்னைக்கு அவரு நாற்காலியைத்தான் குத்தமாச் சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சரஸ்வதியம்மா சொன்னா. எங்க வீட்டுது இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். பொறவு, சொன்னா உங்க வேலைக்கு ஏதாவது வந்திரப்பிடாதேன்னு விட்டுட்டேன்." அவள் எழுந்தாள். "எப்படியும் நீங்க சொல்லீருவீங்கன்னு நெனச்சேன்."

குரலில் குறை ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது திரவியத்துக்கு. அவள் போனபின் நெடுநேரம் அவன் கதவோரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நாலு நாற்காலிகளையும் மடக்கினான். கைவண்டிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இரண்டு இரண்டாகத் தலையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சாலைத் தெருவில் எல்லாரும் பார்க்க, இரண்டு நடையாக இன்ஸ்டிடியூட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வந்த அங்கத்தினர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே பகவதி விட்டுப்போன பாய் ஒன்றும் தகரப்பெட்டி ஒன்றும் இருந்தன. பெட்டியில் கல்யாணராமன் உட்கார்ந்தார். மற்றவர்கள் பாயில். சேஷன் மேல்துண்டை விரித்து, பாய்க்கும் தனக்கும் நடுவில் அதைப் போட்டுக்கொண்டார்.

இந்தத் தடவை திரவியம் மனசுக்குள் ஒரு தரம்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. "நாற்காலி நான் இரவல் வாங்கிக் கொண்டுவந்தது சார். நீங்க இருக்கணும்னு. அந்தம்மா வீட்டுல ஒரு நாற்காலியும் கெடையாது."

கல்யாணராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ அன்னிக்கு இந்த வீட்டிலே நாற்காலி இல்லைங்கறீர்," என்றார் கல்யாணராமன்.

"இல்ல சார்."

"இன்னிக்கும் இல்லை."

"இல்ல சார்."

"அப்போ இது ஏழை வீடு."

திரவியம் அவசரமாக ஒரு அடி முன்னால் வந்தான். "ஆமா சார்."

"ஏழை வீட்டிலே இருக்கறவாளுக்குச் சகாயம் உண்டு," என்றார் சேஷன் மெதுவாக. "இப்போ இங்கே இருக்கறது நாமதானே?"

எல்லார் முகமும் தெளிந்தது. சர்க்காரின் நிவாரண இலாகாவில், ஏழை வீடுகளுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்க ஒரு நிதி உண்டு. அதிலிருந்து நாலு நாற்காலி கேட்பது என்று முடிவாயிற்று. சமிதி செய்யும் முதல் நேரடி உதவி இது என்று கல்யாணராமன் நினைவூட்டினார். ஒரு சிக்கல் இருந்தது. அந்த நிதி குடும்பங்களுக்கு மட்டுமே. தகப்பன், தாய், பிள்ளைகள் இருக்கவேண்டும். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார்.

"நமக்குள்ள ஆரு தகப்பன், ஆரு தாய்?" என்றாள் சரஸ்வதியம்மாள்.

"என்னையப் பிள்ளையாப் போட்டிராதீங்க," என்றார் யோசுவா. "பேரன் எடுத்தாச்சு."

அப்போதுதான் திரவியம் தன் வாழ்க்கையின் இரண்டாவது யோசனையைச் சொன்னான்.

"இந்த வீட்டுக்குப் பொருத்தமா ஒரு குடும்பம் உண்டு சார். நாலு எடத்துல இருக்கு. தற்காலிகமா இங்க கொண்டாந்து வைக்கலாம். இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போறவரைக்கும்."

"எந்தக் குடும்பம்?" என்று கேட்டார் கல்யாணராமன். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

அவர்கள் வந்தார்கள். ஆறுமுகநயினார் அதே சுவரில், முத்திரைப் பலகைக்குக் கீழே சாய்ந்தார். நம்பி அம்மாவிடம் போகாமல் சற்றுநேரம் வாசலில் நின்று பார்த்தான். மங்கலம் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மடியில் விட்டாள். வீட்டில் வேறு நாலு பேரும் இருந்தால் இன்ஸ்பெக்டருக்குக் கணக்குக் குழம்பும் என்று திரவியம் பயந்ததால், அங்கத்தினர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஏழை வீடு என்று தீர்மானமாகிவிட்டதால் அரிசியும் பால்பொடியும் திரும்ப வர ஆரம்பித்தன.

இலாகா இன்ஸ்பெக்டர் இந்த வாரம் வரலாம், அடுத்த வருஷமும் வரலாம். திருக்கொச்சி சர்க்காரின் நடைமுறையை அறிந்த திரவியத்துக்கு நம்பிக்கை இருந்தது. அவர் வருவதற்குள் நம்பி பள்ளிக்கூடம் போய்விடுவான்.

ஆனால் எந்த நாளும் வரலாம் என்பதால், வீட்டுக்காரி வீட்டில் இருக்கவேண்டியதாயிற்று. ஓட்டலிலிருந்து ஆள் வந்து கேட்டுப் போனான். பகவதி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதன்முதலில் தான் பார்த்த அதே காத்திருப்புதான் என்று திரவியத்துக்குப் பட்டது. சுற்றிச் சுற்றி அங்கேயே கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.

"நீங்க மாவாட்டப் போங்க," என்றான். "அவரு வந்தா, இப்பம் வந்திருவாங்கன்னு சொல்லி நான் பிடிச்சு வைக்கேன். நாளும் காலம்பற வந்து நிக்கேன்."

"நிக்கவா?"

"நின்னு பழகிப்போச்சு."

பகவதி பாயை உதறி விரித்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினவள் திரும்பிப் பார்த்தாள்.

"இருங்க சாரே. இந்த வீட்டுல நாற்காலி ஒண்ணும் இல்ல. தைரியமா இருங்க."

உள்ளே ஆறுமுகநயினார் சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. திரவியம் பாயின் ஓரத்தில், முழுசாக இல்லாமல், பாதி உட்கார்ந்தான். தெருவில் ஒரு குடையின் நிழல் வந்ததும் சட்டென்று எழுந்தான். அது யாரோ கருவாடு விற்கிறவர். மறுபடியும் உட்கார்ந்தான்.